ஏழாவது கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் காது இப்போதாவது போனில் பேசுவதைப் பிடிக்கிறதா, இல்லை, பழையபடி "என்னது, என்னது"தானா? போனில் கத்தினால் கேட்காது, கட்டைவிரலால் தட்டி அனுப்பினால் உனக்குக் கடிதம் மாதிரி இல்லை. அதனால் அக்காவும் தம்பியும் சேர்ந்து தபால்காரர் பிழைப்பைக் காப்பாற்றுவதாக என் வீட்டுக்காரி கிண்டல் செய்கிறாள்.

என் வேலை வழக்கம்போல. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை, பேருந்து நிலையத்தின் மாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடை என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு நாலைந்து மாதமாகக் கால் மரத்துப்போகிறது. முதலில் பாதம், இப்போது முழங்கால் வரை. பஞ்சு மூட்டை மேல் நடப்பது போல இருக்கிறதாம். ஒருநாள் ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்தால் ஆள் அப்படியே பின்னால் சாய்கிறார். நரம்பு டாக்டரம்மாவிடம் போனார். சர்க்கரை இல்லை, சத்து ஊசி போட்டும் பயன் இல்லை. நீ மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருஷமாக இருப்பவள். இதற்கெல்லாம் உங்கள் புத்தகங்களில் ஏதாவது எழுதியிருக்குமா? பாவம், குடும்பஸ்தர். அதனால்தான் கேட்கிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் அத்தான் முழங்காலுக்கு ஒரு தைலம் தேய்க்கிறார், வீடே மணக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பு. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

இங்கே பரீட்சைக் காலம். இன்று காலை மேஜைக்கு வந்த முதல் ஆள் ஒரு முதலாண்டு மாணவி. "மேடம், போன வாரம் அந்த ஓரத்துல ஒரு நீலப் புத்தகம் பாத்தேன், அது வேணும்." எங்களிடம் நீல அட்டையில் குறைந்தது நாலாயிரம் இருக்கும். தேடி எடுத்தோம், அது பச்சை அட்டை. அடுத்தவர் சிறுநீரக மருத்துவர். "நாளைக்குக் கருத்தரங்கு. பத்துக் கட்டுரை போதும், அஞ்சு நிமிஷத்துல தந்துடுங்க." அதையும் கொடுத்தோம், அரை நாள் ஆயிற்று.

உன் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேஜையில் ஒரு விதி உண்டு. வந்து கேட்பவர் யாருக்காகக் கேட்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. சித்தப்பாவுக்கு என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்பார்கள். நாங்கள் கேள்வியை மட்டும் எழுதிக்கொள்வோம். ஆகவே உன் நண்பர் யார் என்று நானும் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. நான் டாக்டர் இல்லை. இது இன்ன நோய் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. உலகத்தில் எங்கோ ஒரு டாக்டர் இதே மாதிரி ஒருவரைப் பார்த்து எழுதிவைத்திருந்தால், அந்தத் தாளைத் தேடிக் கொடுக்க மட்டும் தெரியும். அதற்கு அவருடைய பரிசோதனைத் தாள்கள் எல்லாம் வேண்டும். நகல் எடுத்து அனுப்பச் சொல். தாமதம் வேண்டாம்.

அந்த நண்பர் மாடிப்படி ஏறி இறங்கும் வேலையில் இருந்தால் கைப்பிடியை விடாமல் ஏறச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் தெரிந்து நிம்மதி. நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் தைலக் கதையைப் படித்து என் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கேட்ட தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் இருந்த இடத்தைக் கத்தரித்துவிட்டேன், அவர் கூச்ச சுபாவம். ரத்தம் எட்டில் நிற்கிறது. வெள்ளணுக்களும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டனவாம். முதுகுத்தண்டைப் படம் எடுத்ததில் ஏதோ வெள்ளைக் கோடு தெரிகிறதாம். பி12 சரியாக இருக்கிறது. "எலும்பு மஜ்ஜையே சரியா வேலை செய்யலையோன்னு சந்தேகமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரில ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்"னு டாக்டரம்மா சொன்னார்களாம். மார்ச் இருபதாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள். ரத்தப் புற்றா என்று இவர் கேட்டாராம். "இப்பவே எதையும் சொல்ல முடியாது"ன்னு சொல்லிக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். அக்கா, டாக்டர்கள் குனிந்து எழுதினால் என்ன அர்த்தம்?

என் மருமகள் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். கணக்குப் பாடம். அவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. இவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அதே வயசு. அதை நினைத்துத்தான் மனுஷன் கலங்கிப்போயிருக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அவள் உன் மருமகள் அல்ல, என் மருமகள். உறவுமுறையைக்கூடக் குழப்பி எழுதியிருக்கிறாய், அவ்வளவு அசதியா? கணக்குப் படிக்கிறாள் என்றதும் உன் அத்தானுக்கு ஒரே பெருமை.

டாக்டர் குனிந்து எழுதினால், எழுதுகிறார் என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று உன் நண்பரிடம் சொல்.

தாள்கள் வந்த அன்றே உட்கார்ந்தேன். கட்டுரைகளின் களஞ்சியம் எங்கள் கணினியில் இருக்கிறது. அதில் கால் மரத்துப்போதல் என்று மட்டும் கேட்டால் கடலையே தூக்கிக் கொண்டுவந்து வைக்கும். தண்டுவடப் பழுது, ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தவை மட்டும் என்று கேட்டேன். நானூற்றுச் சொச்சம் வந்தது. பி12 குறைந்தவர்களைக் கழித்தேன். புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கழித்தேன். முப்பத்தொன்பது மிஞ்சியது. முப்பத்தொன்பதையும் படித்தேன். இந்த வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனதாக உன் அத்தான் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்.

அவற்றில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சொல்கின்றன: செம்பு. உடம்பில் செம்புச் சத்து வற்றிப்போனால் பி12 குறைந்தது போலவே தண்டுவடம் கெடுகிறது, ரத்தமும் இறங்குகிறது. பார்க்கிற டாக்டருக்கு மஜ்ஜை நோய் மாதிரியே தோன்றுகிறது. கண்டுபிடித்தால் சரிசெய்ய முடிகிறது. இதில் முக்கியமான கட்டுரை இருக்கும் இதழை நாங்கள் வாங்குவதில்லை. இன்னொரு கல்லூரி நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன், இரண்டே நாளில் அனுப்பிவிட்டார்கள். நகல் உள்ளே இருக்கிறது. அது டாக்டரம்மாவுக்கு. நண்பர் படித்துப் பயப்பட வேண்டாம். நேராக அவர்கள் கையில் கொடுக்கச் சொல்.

இதுவே அவர் நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த டாக்டர்கள் தங்கள் நோயாளிகளிடம் கேட்டதை எல்லாம் எட்டுக் கேள்வியாக எழுதியிருக்கிறேன். நண்பர் பதில் சொல்லட்டும்.

1. வயிற்றில் எப்போதாவது அறுவைச் சிகிச்சை நடந்ததா?
2. வயிற்றுப்போக்கு நாள்பட்டு இருக்கிறதா?
3. ஜிங்க் மாத்திரை, சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா?
4. நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது?
5. சிறு வயதில் நாணயம் விழுங்கியதுண்டா? (சிரிக்காதே. ஒருவர் வயிற்றில் ஒரு குவியலே இருந்திருக்கிறது.)
6. குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா?
7. பல் செட் கட்டியிருக்கிறாரா? ஒட்டும் பசை பயன்படுத்துகிறாரா? வாரத்துக்கு எவ்வளவு?
8. வேலை செய்யும் இடத்தில் ரசாயனப் புகை உண்டா?

சீக்கிரம் எழுது. மார்ச் இருபதுக்குள் டாக்டரம்மா கட்டுரையைப் பார்த்தாக வேண்டும்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் சாப்பாட்டு டப்பா சேதி என் வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

கேள்விகளை நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். வயிற்றில் கத்தி பட்டதே இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. லேகியம் என்றால் ஓடுகிற ஆள். நாணயம் விழுங்கிய நினைவு இல்லை. குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. எட்டாவதுக்கு, புகை என்றால் பேருந்துப் புகைதான், அது நிலையத்தில் எல்லாருக்கும் பொது.

ஆகவே இது அந்த நோய் இல்லை போலிருக்கிறது அக்கா. கட்டுரையை டாக்டரம்மாவிடம் கொடுக்க அவருக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதாம். "நாம போயி டாக்டருக்குப் பாடம் எடுக்கிறதா?" என்கிறார். வருவது வரட்டும் என்று இருக்கிறார்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. இரும்புப் படிக்கட்டு பத்து மணிக்கே சுடுகிறது என்று கீழே கடைக்காரர் சொன்னார்.

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இரும்புப் படி சுடுவதைக் கடைக்காரர் சொல்லித்தான் நீ தெரிந்துகொண்டாயா?

உள்ளே ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அது உன் நண்பருக்கு. நீ பிரிக்காதே. அவர் கையில் கொடு.

அக்கா

(ஒட்டிய உறைக்குள்)

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நாம் நேரில் பார்த்ததில்லை. என் தம்பிக்கு நெருங்கியவர் என்றால் எனக்கும் நெருங்கியவர்தான்.

நான் எட்டுக் கேள்வி அனுப்பினேன். என் தம்பி ஏழு பதில் எழுதியிருக்கிறான். ஏழாவதை இல்லை என்றுகூட எழுதவில்லை. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பொய் சொல்ல வராது, விட்டுவிடுவான். நீங்களே அவனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னிடம் சொல்லுங்கள்.

ஐயா, என் மேஜைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரகசியக் குரலில்தான் பேசுவார்கள். என் காது மந்தம் என்பதால், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்பேன். வேறு வழியில்லாமல் மூலம், விரைவீக்கம், படுக்கையில் சிறுநீர் என்று நூலகமே கேட்கச் சொல்வார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். படிக்கிறவர்கள் படித்துக்கொண்டேதான் இருப்பார்கள். வெட்கப்பட்டதெல்லாம் வீணாயிற்றே என்று அவர்களே சிரித்துவிட்டுப் போவார்கள்.

பல் இல்லாதது ஒரு குற்றமா? சில பசைகளில் ஜிங்க் கலந்திருக்கிறது. அளவாகப் போட்டால் ஒன்றும் செய்வதில்லை. செட் தளர்ந்துபோய், நிற்க வேண்டுமே என்று வாரத்துக்கு ஒன்று இரண்டு குழாய் பிதுக்குகிறவர்களுக்கு, அந்த ஜிங்க் உடம்பிலுள்ள செம்பை வெளியே தள்ளிவிடுகிறது. நான் சொல்லவில்லை, முன்பு அனுப்பிய கட்டுரையின் மூன்றாம் பக்கம் சொல்கிறது. அதில் வரும் நால்வரும் உங்களைப் போலத்தான் பஞ்சு மேல் நடந்தார்கள்.

மஜ்ஜை எடுக்கும் முன் ரத்தத்தில் செம்பையும் ஜிங்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதான். இது டாக்டருக்குப் பாடம் எடுப்பதாகாது. எங்களிடம் தினமும் டாக்டர்கள்தான் வந்து கேட்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு மகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவு செய்யுங்கள்.

நூலகர்

*

மார்ச் 14

தம்பி,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. சுகமா? ஒரு வரி போதும்.

அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணி,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சுகமா? உங்கள் தம்பி எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுகிறேன். அவருக்கு இப்போது வெட்கம், எழுத உட்கார்ந்தால் பேனாவை மூடிவைத்துவிடுகிறார். பயப்பட வேண்டாம், நல்லபடியாகத்தான் இருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. பத்து நாள் அதோடுதான் வேலைக்குப் போய்வந்தார். துவைக்கப் போடும்போது எடுத்துப் பார்த்து, "யாருக்குங்க இது?"ன்னு கேட்டேன். "கூட வேலை பாக்கறவருக்கு" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அப்ப அவர்கிட்டயே கொண்டுபோய்க் கொடுக்கறேன், பேரைச் சொல்லுங்க" என்றேன். வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீர் சத்தம்கூட இல்லை. கதவைத் தட்டலாமா என்று நிற்கிறேன், வெளியே வந்தார். வாயில் பல் இல்லை.

அண்ணி, உங்களிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் வெளியூர்ப் பயிற்சி என்று உங்களுக்கு எழுதினாரே, அது பயிற்சி இல்லை. ஈறு முழுவதும் கெட்டுப்போய், மேலும் கீழும் எல்லாப் பல்லையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து என் எதிரேகூட அதைக் கழற்றியதில்லை. பகல் வெளிச்சத்தில் அந்த வாயை நான் பார்த்தது அன்றுதான். குழந்தை மாதிரி இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் கடிதத்தை நீட்டி, "அக்கா கண்டுபிழிச்சுட்டா" என்றார்.

ரெண்டு மூணு வருஷமாகச் செட் தளர்ந்து ஆடுகிறதாம். எனக்கே தெரியாது. வாரத்துக்கு மூன்று குழாய் பசை, அண்ணி! காலிக் குழாய்களை எல்லாம் ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் பையில் போட்டு ஒளித்துவைத்திருந்தார். மறுநாளே அந்தப் பையையும் உங்கள் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர்கள் நின்றபடியே மூன்றாம் பக்கத்தைப் படித்தார்கள். பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார்கள். "இதை யாரு உங்களுக்குக் கொடுத்தது?" என்றார்கள். "எங்க அண்ணி, லைப்ரரில இருக்காங்க" என்றேன். "எனக்கு இது தோணவே இல்லை" என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அண்ணி, அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது.

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிவைத்தாயிற்று. பசை அன்றோடு நின்றது. அவரும் வாயைக் கையால் மூடிக்கொண்டு லீவில் இருக்கிறார்.

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நிஜமாகவே நலம். இதுவரை எழுதிய 'நலம்' எல்லாவற்றையும் அடித்துவிடு.

முடிவு வந்துவிட்டது. செம்பு, அளவே பார்க்க முடியாத அளவுக்குக் கீழே. ஜிங்க் மேலே. டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். "உங்களுக்குப் புற்றுநோய் இல்லைன்னு நினைக்கிறேன். மஜ்ஜைக்குச் சாப்பாடு இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். செம்பு மாத்திரை எழுதறேன். ரத்தம் ஒண்ணு ரெண்டு மாசத்துல ஏறிடும். கால் முழுசாத் திரும்புமான்னு சத்தியம் பண்ணமாட்டேன், ஆனா இதுக்கு மேல கெடாது" என்றார்கள். என் வீட்டுக்காரி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். ஏதாவது சாப்பிடலாமா என்றாள். பல் இல்லையே என்றேன். இரண்டு பேரும் அங்கேயே சிரித்துச் சிரித்து, பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

அக்கா, ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நானே சொல்லிவிடுகிறேன். செட் கட்டிய புதிதில் ஒருநாள் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேல்வரிசை கழன்று வந்துவிட்டது. 'ஆறாவது மேடை' என்பது என்னவோ மாதிரி வெளியே போயிற்று. கீழே நிலையம் முழுவதும் சிரித்த சத்தம் மாடிக்குக் கேட்டது. என்னிடம் இருப்பதே அந்தக் குரல் ஒன்றுதான். கம்பீரமான குரல் என்று ஊரே சொல்லும். அந்தக் குரல் பசையில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். உனக்குக்கூட. உன் காதில் என் குரல் சரியாக விழுவதே இல்லை, உன்னிடம் போய் மறைத்திருக்கிறேன் பார்.

உன் கேள்வித்தாளில் ஏழாவதைப் பார்த்த அன்று யாரோ என் வாயைத் திறந்து பார்த்துவிட்டது போல இருந்தது. அதனால்தான் அதைத் தாண்டிப் போனேன். தாண்டிப் போனது எட்டாவதுக்கு இல்லை, சுடுகாட்டுக்கு என்று இப்போது புரிகிறது.

என்னைத் திட்டு. ஆனால் பெரிதாக எழுது, படிக்க வேண்டும்.

தம்பி

*

ஏப்ரல் 13

என் தம்பிக்கு,

உன் கடிதம் நூலக முகவரிக்கு வந்தது. மேஜையில் ஆள் நின்றுகொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். பழைய இதழ்களை அடுக்கிய நகரும் அலமாரிகள் அங்கே இருக்கின்றன. இரண்டு அலமாரிக்கு நடுவில் நின்று படித்தேன். முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் எங்கள் உதவியாளர் அலமாரியை நகர்த்தும் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ, நான் இருக்கேன்!" என்று கத்தினேன். உன் மஜ்ஜை பிழைத்த நாளில் உன் அக்கா அலமாரிக்குள் நசுங்கியிருப்பாள். "ஏன் மேடம் அழறீங்க?" என்றாள். தூசி என்றேன்.

திட்டச் சொன்னாய். திட்ட வரவில்லை. முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். 'எனக்கு' என்று எழுதி, அதை அடித்து, 'ஒருவருக்கு' என்று மாற்றியிருந்தாய். அடித்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவன் எவனும் பஞ்சு மூட்டை என்று எழுதமாட்டான். ஆனால் கேட்டிருந்தால் நீ கடிதத்தையே நிறுத்தியிருப்பாய். உன் நண்பரோடாவது பேசிக்கொண்டிருக்கலாம் என்றுதான் சும்மா இருந்தேன்.

பல் விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. எட்டு வருஷமாக எல்லாப் படத்திலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாயே, பெரிய மனுஷனாகிவிட்டாய் என்று நினைத்தேன். பதில் வராத அந்த இரண்டு வாரத்தில், தவறான கதவைத் தட்டிவிட்டோமோ, அந்த முப்பத்தொன்பதுக்கு வெளியே வேறு எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பவும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை. நானும் உன் அக்காதானே.

மாத்திரையை விடாதே. புதிய செட்டைச் சரியான அளவில் செய்துகொள். உன் அத்தான் இன்று வீட்டில் எல்லாருக்கும் இனிப்பு என்றார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. ரத்தம் பதின்மூன்றுக்கு வந்துவிட்டது, வெள்ளணுக்களும் வந்துவிட்டன. முழங்கால் வரை இருந்த மரமரப்பு போய்விட்டது. கால்விரல்கள் மட்டும் இன்னும் யாரோ ஒருவருடைய விரல்கள் மாதிரிதான். தடி வைத்துக்கொண்டு நடக்கிறேன். போன திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். முப்பத்திரண்டு படி. நிலைய மேலாளர், "கீழேயே ஒரு அறை தர்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். மாடியிலிருந்துதான் எந்த வண்டி உள்ளே திரும்புகிறது என்று தெரியும்.

புதிய செட் கச்சிதமாக நிற்கிறது, பசையே வேண்டாம். கடைக்காரரிடம் நானே சொன்னேன், இது கட்டிய பல் என்று. "அப்படியா? எங்க செஞ்சீங்க, எனக்கும் விலாசம் குடுங்க" என்றார். அவருக்கும் மேலே நாலு இல்லையாம்.

ஒரு செய்தி. டாக்டரம்மா என்னைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறார்களாம். அதற்கு நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "பேர் வராது, முகம் வராது. ஆனா பல்லையும் பசையையும் எழுதாம முடியாது. உங்களுக்குச் சங்கடம்னா விட்டுடறேன்" என்றார்கள். "தலைப்பிலேயே போடுங்க" என்றேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இங்கே ஒருமுறை வாருங்கள். இரண்டு பேரும்.

தம்பி

*

ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அடுத்த மாதம் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வருகிறோம். உன் அத்தான் தைலத்தோடுதான் வருவார், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்.

நேற்று மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. வெளியூர் டாக்டர்களும் எங்களிடம் தேடித் தரச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு ஒரு படிவம் உண்டு. அனுப்பியவர் உங்கள் டாக்டரம்மா. பல் பசையால் செம்பு குறைந்தவர்களைப் பற்றி இதுவரை வந்த கட்டுரைகள் எல்லாம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நோயாளி என்ற கட்டத்தில்: ஆண், வயது நாற்பத்தெட்டு, அறிவிப்பாளர், கடந்த பத்து மாதமாக நடையில் தள்ளாட்டம்.

படிவத்தைப் பதிவு செய்வது எங்கள் உதவியாளரின் வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக உரக்கப் படித்துக்கொண்டே தட்டினாள். நோயாளி கட்டம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஐயோ பாவம் மேடம். யார் பெத்த பிள்ளையோ. இப்ப எப்படி இருக்காராம், போட்டிருக்காங்களா?"

"மாடிப்படி ஏறி வேலைக்குப் போறாராம்" என்றேன்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

அக்கா